பொன்னியின் தலையீற்று

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்புபோலவே இருக்கிறது. இந்தப் பக்கம் மழை போதவில்லை. தொலைபேசியில் நம் நாய் பொன்னியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதனால், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள் என்பார்கள். ஆனால் சேர்க்கை நடந்த நாளிலிருந்து எண்ணினால் 58ஆம் நாளிலும் ஈனலாம், 68ஆம் நாளிலும் ஈனலாம், இரண்டுமே இயல்புதான். நீ இடைவெளி விட்டு இருமுறை சேர்த்திருப்பதால் நாட்காட்டியை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பமானியின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்த்து, நேரத்தோடு குறித்து வை. சாதாரணமாக 101, 102 டிகிரி இருக்கும். அது 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுத்துவிடும். சில நாய்களுக்கு இந்த இறக்கம் நம் கண்ணில் படாமலே போய்விடுவதும் உண்டு என்பதால், வெப்பம் குறையவில்லை என்று நிம்மதியாக வெளியே கிளம்பிவிடாதே.

பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறேன், பொன்னியைப் பார்த்துக்கொள்வதில் ஒரு சிரமமும் இல்லை என்று நீ சொன்னது ஆறுதலாக இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி மறுபடியும் சொல்லிவிட்டார்களா என்று அம்மா கேட்டாள். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ரே எடுப்பது அவசியம்தானா என்று நீ கேட்டது மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. இதே பொன்னிக்குத் தடுப்பூசி போட நகரத்திலேயே பெரிய மருத்துவமனையைத் தேடிக்கொண்டு போனவன் நீ. அவசியம்தான், தம்பி. 55ஆம் நாளுக்குப் பிறகு குட்டிகளின் எலும்பு தெளிவாகத் தெரியும், மண்டையோட்டை எண்ணிவிடலாம். உள்ளே எத்தனை என்று தெரிந்தால்தான் கடைசிக் குட்டி வெளியே வந்துவிட்டதா, ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று நள்ளிரவில் தீர்மானிக்க முடியும். பொன்னியின் செலவுக்கென்று உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். எக்ஸ்ரேக்கும் மருத்துவருக்கும் போக மிஞ்சினால் அது அங்கேயே இருக்கட்டும்; எனக்குக் கணக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.

ஈனும் இடத்தை இப்போதே ஆயத்தம் செய். பால்கனி வேண்டாம். உள்ளறையில், நடமாட்டம் குறைந்த மூலையில், அவள் நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவுக்கு ஒரு மரப்பெட்டி போதும். உள்பக்கம் நான்கு சுவரிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை விட்டு நான்கு விரல்கடை தள்ளி ஒரு ரீப்பர் கட்டையை அடித்துவிடு. தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது பின்னால் மாட்டிய குட்டி நசுங்காமல் அந்தச் சந்தில் தப்பும். செய்தித்தாளைக் கனமாகப் பரப்பி மேலே பழைய வேட்டியை விரி. நூல் பிரிந்த துணி கூடாது, குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். அவள் அந்தப் பெட்டியிலேயே இப்போதிருந்து படுத்துப் பழக வேண்டும். வலி எடுத்த பிறகு காட்டினால் ஏறமாட்டாள்.

வலியின் முதல் கட்டத்தில் முக்கல் இருக்காது. உணவை மறுப்பாள், மூச்சிரைப்பாள், நடுங்குவாள், துணியைப் பிராண்டிக் குவிப்பாள், ஒருமுறை வாந்தி எடுத்தாலும் எடுப்பாள். தலையீற்றில் இது ஒரு பகலும் ஓர் இரவும்கூட நீளும். இந்த நேரத்தில் நீ செய்ய வேண்டியது அருகில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான், அது உனக்கு வரும். பள்ளிக்கூடம் போகிற வயதில், செவலைப் பசுவின் தலையீற்றுக்கு விடியவிடிய லாந்தர் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றவன் நீ. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எட்டிப்பார்க்க விடாதே. மிரண்டுபோன புதுத்தாய் பெற்ற குட்டியையே கடித்துவிடுவதுண்டு.

முக்கத் தொடங்கியதும் மணியைக் குறித்து வை. பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வரவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடு. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் அரை மணியோ ஒரு மணியோ ஆகும். முக்காமல் அமைதியாகப் படுத்திருந்தால் சற்றுக் கூடுதலாகவும் ஆகலாம். உள்ளே இன்னும் குட்டி இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் காத்திருக்காதே. முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால் நஞ்சுக்கொடி விலகிவிட்டது, குட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதல் குட்டி பிறந்த பிறகு அதே நிறம் வந்தால் பயமில்லை. பின்னங்கால் முதலில் வந்தாலும் பதறாதே, நாய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான குட்டிகள் அப்படித்தான் வருகின்றன.

வலி வருவதற்கென்று யார் ஊசி போட வந்தாலும் விடாதே. உள்ளே குட்டி குறுக்கே கிடக்கும்போது அந்த ஊசி கருப்பையையே கிழித்துவிடும். பரிசோதித்துப் பார்த்த மருத்துவர் போட்டால் போடட்டும், வேறு எவரும் வேண்டாம். கீழத்தெரு வீட்டில் நடந்தது உனக்கே தெரியும்.

குட்டி வழவழப்பான பையோடு வந்து விழும். பொன்னி அதைக் கிழித்து நக்கத் தொடங்கினால் நீ கையை நீட்டாதே. தலையீற்றில் சில தாய்கள் இது என்ன என்று திகைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூக்குப் பக்கத்தில் பையை நீயே விரலால் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, உலர்ந்த துண்டில் வைத்து முதுகோடு நன்றாகத் தேய். கீச்சென்று கத்தும்வரை தேய். நம் ஊரில் செய்வதுபோலத் தலைகீழாகப் பிடித்து வீசி உதறக் கூடாது. மூளையில் இரத்தம் கசிந்துவிடும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, கொதிநீரில் போட்டெடுத்த நூலால் கட்டி, அதற்கு வெளியே நறுக்கி அயோடின் தொட்டு வை. குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி வீதம் வந்ததா என்று எண்ணிக்கொண்டே இரு. இரண்டொன்றை அவள் தின்றால் விட்டுவிடு, எல்லாவற்றையும் தின்றால் வயிற்றைக் கழியும்.

நம் சிப்பிப்பாறை நாய்க்கு ஒடுங்கிய தலை, நீண்ட முகம் என்பதால் பெரும்பாலும் தானே ஈன்றுவிடும். சப்பை மூக்கு நாய்களைப்போல அடிக்கடி அறுவைக்குப் போகாது. வெம்பக்கோட்டைச் சித்தப்பாவும் அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்கிறார். ஆனால் அவருடைய நாய்கள் தோட்டத்தில் ஓடித் திரிந்தவை. இவள் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள். அதனால் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் இரவில் யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்னதாகவே கேட்டு வை. வேளச்சேரியில் தண்ணீர் கட்டிக்கொண்டால் வண்டி வராது, வருகிற வண்டிக்காரரும் நாயை ஏற்றத் தயங்குவார். வருவதாக ஒத்துக்கொள்ளும் இருவரின் எண்ணையாவது சுவரில் எழுதி ஒட்டு.

பிறந்த குட்டிக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. முதல் வாரம் அது படுத்திருக்கும் இடத்தில் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். ஏசியை அணைத்துவிடு, மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது. மழை இரவென்றால் பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் எட்டும்படி குண்டு பல்பைத் தொங்கவிடு. மற்ற பக்கம் பொன்னி ஒதுங்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு குட்டியும் முதல் சில மணி நேரத்திலேயே சீம்பால் குடித்துவிட்டதா என்று பார். ஒரு நாள் போய்விட்டால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் ஏற்காது.

கால்சியம் டானிக்கை இப்போது கொடுக்காதே. சினையாக இருக்கும்போது வெளியிலிருந்து கொட்டினால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடல் மறந்து சும்மா இருந்துவிடும். பால் பெருகும் நாளில் திடீரென்று தேவைப்படும்போது கைவிட்டுவிடும். ஈன்ற முதல் நான்கு வாரத்துக்குள் அவள் விறைப்பாக நடந்தாலோ, காரணமில்லாமல் நடுங்கி மூச்சிரைத்தாலோ குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடு. ஊசி விஷயத்தையும் மறக்காதே, கண்டவரைப் போட விடாதே.

பால் கொடுக்கும் நாளில் அவள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தின்பாள், அதற்கும் செலவு ஆகும். பத்துப் பதினைந்து நாளில் குட்டிகள் கண் திறந்துவிடும். இன்னும் கொஞ்சம் தேறியதும், அங்கே அத்தனையையும் வைத்துக்கொண்டு தவிக்காமல், எல்லாரும் இங்கே வந்துவிடலாம். பின்கட்டு அறை காலியாகத்தான் கிடக்கிறது; அம்மா போன வாரமே ஒட்டடை அடித்து வைத்துவிட்டாள். எத்தனை மாதம் இருந்தாலும் இங்கே யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இணைய இணைப்பும் இப்போது நம் தெருவரை வந்துவிட்டது.

சமையலறைத் தராசில் குட்டிகளை நாள்தோறும் நிறுத்துப் பார். முதல் நாளில் சிறிது குறையலாம், அதன்பின் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். ஏறாத குட்டியைத் தனியாகக் காம்பில் பிடித்து வைத்துப் பால் குடிக்கச் செய். அந்த எடைகளைக் காலை 7 மணிக்கு எனக்கு எழுதி அனுப்பு. வேலை இருக்கும் நாளென்றாலும் இல்லாத நாளென்றாலும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா