பில் பாஸ் செய்யும் முன் ஒரு கேபிளை உருவிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையோ அலுவலகமோ, கவுன்ட்டரில் 'சர்வர் டவுன்' என்று சொல்லி மக்களைத் திருப்பி அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. பல வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதி நேரம் சர்வர் நன்றாகத்தான் இருக்கும், அதற்குப் போகும் வழிதான் அடைத்துக் கிடக்கும்.

போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து காலை ஒன்பதரைக்கு போன் வந்தது. டோக்கன் வரவில்லை, லேப் ரிப்போர்ட் திறக்கவில்லை, பார்மசியில் பில் போட முடியவில்லை, வரிசை வாசல் வரை நிற்கிறது. போய் நெட்வொர்க் பெட்டிகள் இருக்கும் ரேக்கைத் திறந்தால், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் எல்லா ஸ்விட்சிலும் எல்லா விளக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து படபடவென்று துடிக்கின்றன. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைப் பார்த்ததுமே வயிறு கலங்கும்: லூப், அதாவது தகவல் வெளியேறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வளையம். மாடி மாடியாகக் கேபிளை உருவிக்கொண்டே வந்ததில், பார்மசி மேஜைக்கு அடியில் எட்டு போர்ட் (கேபிள் மாட்டும் ஓட்டை) உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச், அதில் ஒரே கேபிளின் இரண்டு முனையும் செருகியிருக்கிறது. பெருக்கும்போது கழன்று கிடந்த முனையை யாரோ நல்லெண்ணத்தில் காலி ஓட்டையில் மாட்டிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

கட்டடத்துக்குள் ஸ்விட்சுகள் கேபிள் வழியாகத் தகவல் அனுப்பும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர், அதில் ஓடும் தகவலுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. இன்டர்நெட்டில் போகும் தகவல் பொட்டலமான ஐபி பாக்கெட் என்றால், நெட்வொர்க்குகளை இணைக்கும் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் எழுதிய ஒரு எண் குறையும், பூஜ்யமானால் செத்துவிடும். ஈதர்நெட்டில் அப்படி இல்லை, அதனால் எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி வளையத்தில் மாட்டினால் பெருகிப் பெருகி மற்ற எல்லாவற்றையும் நசுக்கிவிடும். இதைத் தடுக்கத்தான் 1985-ல் டிஇசி என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார். இரண்டு வழி இருந்தால் ஒன்றை மூடி வைக்கும், முதல் வழி அறுந்தால் மூடியதைத் திறக்கும். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச் எதை வாங்கினாலும் அநேகமாக இது உள்ளே இருக்கும். அந்த மருத்துவமனையிலும் இருந்தது. ஆனால் அணைத்து வைத்திருந்தார்கள்! கேபிள் மாட்டியதும் கம்ப்யூட்டருக்கு நெட் வர முப்பது விநாடி ஆகிறது என்று யாரோ புகார் சொல்ல, கம்ப்யூட்டர் மாட்டும் போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) என்று குறிப்பதை விட்டுவிட்டு, முழுசாக நிறுத்திவிட்டார்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் பார்மசிக்குப் போகும் ஒரே ஒரு போர்ட் மூடியிருக்கும், மருத்துவமனையின் மற்ற பகுதிகள் நடந்திருக்கும்.

சரி, அது ஓடினால் மட்டும் போதுமா என்றால் போதாது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் நான்கு நாள் முடங்கி, எல்லோரும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அங்கே ஸ்பானிங் ட்ரீ இருந்தது, ஆனால் ஸ்விட்சுக்குப் பின்னால் ஸ்விட்சாகச் சேர்த்துக்கொண்டே போனதில் அது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. அதற்கு மருந்து ரவுட்டிங். இன்று லேயர் 3 என்ற வகை ஸ்விட்சே ரவுட்டர் வேலையையும் செய்கிறது, பார்மசியைத் தனிப் பிரிவாகவும் லேபைத் தனிப் பிரிவாகவும் வைத்து நடுவில் ரவுட்டிங் போட்டால் ஒரு பிரிவில் வந்த லூப் அடுத்த பிரிவுக்குத் தாண்டாது. காசு கொடுத்து வாங்கிய வசதி, பயன்படுத்தாமல் கிடக்கிறது.

மாற்று வழி என்று சொல்வதையும் நம்ப முடியவில்லை. 'இரண்டு ஃபைபர் இழுத்திருக்கிறோம் சார்' என்பார்கள், இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒரே குழாயில் போகும், ஜேசிபி ஒரு தடவை தோண்டினால் இரண்டும் போச்சு. மெயின் ஸ்விட்ச் இரண்டு இருக்கும், ஒன்று நின்றால் மற்றது மூன்று நான்கு விநாடியில் ஏற்கும்படி விஆர்ஆர்பி என்ற ஏற்பாடு போட்டிருப்பார்கள், ஆனால் இரண்டுக்கும் ஒரே யூபிஎஸ்.

அதனால் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அரசு டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரே ஒரு வேண்டுகோள். பில் பாஸ் செய்யும் முன், வேலை செய்து கொடுத்தவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒரு ஃபைபரை உருவுங்கள். ஒரு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சுவரில் இருக்கும் இரண்டு நெட்வொர்க் சாக்கெட்டை ஒரு நெட்வொர்க் கேபிளால் இணைத்து வேண்டுமென்றே லூப் போடுங்கள். அப்போதும் கவுன்ட்டரில் பில் வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் சொன்ன மருத்துவமனையில் போன ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இதைச் செய்தோம். லூப் போட்டதும் அந்தப் போர்ட் மட்டும் மூடியது. மெயின் ஸ்விட்சை அணைத்தபோது நாலு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் செய்தி) மட்டும் பதில் இல்லாமல் போய், இணைப்பு திரும்ப வந்தது. அப்புறம் புதுக் கட்டடத்துக்குப் போகும் முதல் ஃபைபரை உருவினோம், கட்டடம் முழுக்க நெட் போய்விட்டது. இரண்டாவது ஃபைபரின் மறுமுனையை இத்தனை வருடமாக யாருமே மாட்டவில்லை, தூசு படாமல் நுனியில் போடும் மூடி அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
ஒரு நெட்வொர்க் பொறியாளர்,
மதுரை