ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அமெரிக்க இலக்கியத் தாளில் டோனி மோரிசனின் ‘பிலவ்ட்’ நாவலைப் பாடமாக வைக்கும்போது, அவர் 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றதை நாம் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால், 1983 வரை ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் அவர் ஆற்றிய பதிப்பாசிரியப் பணி ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது, அல்லது அடியோடு விடுபட்டுப்போகிறது. அந்தப் பணியை அறியாமல் நாவலை மட்டும் கற்பிப்பது அரைகுறைக் கல்வி என்பது என் கருத்து.

1974இல் அவர் முன்னின்று உருவாக்கிய ‘தி பிளாக் புக்’ என்னும் தொகுப்பு, அடிமை விற்பனை விளம்பரங்கள், புகைப்படங்கள், காப்புரிமை வரைபடங்கள், பழைய செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் நூல். அதில் இடம்பெற்ற நறுக்கு ஒன்று, 1856இல் அடிமைமுறை நிலவிய கென்டக்கியிலிருந்து ஒஹையோ ஆற்றைக் கடந்து தப்பிய மார்கரெட் கார்னர், பிடிபடும் நிலையில், மீண்டும் அடிமையாகிவிடக் கூடாதென்று தன் மகளையே கொன்ற செய்தியைக் கூறுகிறது. 1987இல் வெளிவந்த ‘பிலவ்ட்’ நாவலின் வித்து அதுதான். பதிப்பாசிரியரின் மேசைக்கு வந்த ஒரு தாள், 13 ஆண்டுகளுக்குப் பின் நாவலாசிரியரின் கையில் நாவலாயிற்று.

அவர் பதிப்பித்தவற்றுள் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் ஆகியோரின் தன்வரலாறுகளும் உண்டு. அலியின் நூலுக்கு வாசகரைத் தேடித்தர யாரும் தேவையில்லை. ஹென்றி டூமாஸுக்குத் தேவைப்பட்டது. 1968இல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையமொன்றில் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த இளம் எழுத்தாளரின் கதைகளையும் கவிதைகளையும், அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து மோரிசன் நூலாக்கினார். கெயில் ஜோன்ஸின் முதல் நாவலான ‘கொரெஜிடோரா’ 1975இல் வெளிவந்ததும் அவர் கைவழியேதான். தன் தோழியும் எழுத்தாளருமான டோனி கேட் பாம்பாரா 1995இல் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற பெரும் கையெழுத்துப்படியை மோரிசன் செப்பனிட்டு 1999இல் வெளிக்கொணர்ந்தார். நோபல் பரிசு பெற்றவர் பிறருடைய பிரதியின் முன் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்தார் என்பதை மாணவர்கள் அறிந்தால், பதிப்பாசிரியர் என்ற சொல்லை எழுத்துப் பிழை பார்ப்பவர் என்று அவர்கள் புரிந்துகொள்ளமாட்டார்கள்.

எனவே, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது அந்த நறுக்கை நாவலுக்கு முன்வாசிப்பாகவும், ‘கொரெஜிடோரா’வைத் துணைநூலாகவும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாளின் சுமை கூடுமென்று கருதினால், நறுக்கு மட்டுமாவது இடம்பெறட்டும். அது ஒரு வகுப்பு நேரத்தில் படித்து முடிக்கக்கூடியதே.

இப்படிக்கு,
அமெரிக்க இலக்கியம் பயிற்றும் ஓர் ஆசிரியர்