வடசென்னை மண்ணின் மீது பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சென்னையின் மரங்களைப் பற்றி வந்த நீண்ட கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். கிண்டி, அடையாறு, நுங்கம்பாக்கம் என்று பக்கம் பக்கமாகப் படங்கள். வடசென்னைக்குக் கிடைத்தது கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி: "வடசென்னை மண்ணின் தன்மையும் மக்களின் பழக்கமும் மரம் வளர்ப்புக்குக் கைகொடுப்பதில்லை." நான் தண்டையார்பேட்டையில் பிறந்தவள். வனவியல் படித்து, வனக் கொள்கையும் நகர வனவியலும் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, மறுபடி தண்டையார்பேட்டைக்கே வந்துவிட்டவள். அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழின் அடியில்தான். உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. எண்ணூர் வரைக்கும் கரையோரம் நெடுக பூவரசும் புன்னையும் பனையும் உப்புக்காற்றைத் தாங்கி நின்றவை. மணல் கலந்த மண்ணில் வேர் ஆழமாக இறங்கும். நிலத்தடி நீரில் உப்பு ஏறிய இடத்திலும் தாக்குப்பிடிக்கும் மரங்கள் நம்மிடம் உண்டு.

கட்டுரை எழுதியவர் கொருக்குப்பேட்டையில் ஏதாவது ஒரு நடைபாதை ஓரம் ஓரடி தோண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அங்கே முதலில் வருவது மண்ணே இல்லை. செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, பழைய தார், பிளாஸ்டிக். அதற்குள் ஒரு கன்றைச் செருகி, சுற்றி இரும்புக் கூண்டு மாட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த வருடம் நடைபாதை போடுகிறவர்கள் தண்டை ஒட்டிச் சிமென்ட் பூசுகிறார்கள். மழைநீர் வடிகால் தோண்டுகிறவர்கள் ஒரு பக்கத்து வேரை முழுசாக வெட்டுகிறார்கள். மழைக்காலம் வருவதற்கு முன் மின்கம்பிக்காக மறுபக்கத்துக் கிளைகள் போகின்றன. இப்படி ஒரு பக்கம் வேரும் மறுபக்கம் பாரமும் இழந்த மரம் புயலில் சாய்ந்தால், மண் சரியில்லை என்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் விழுந்தவை குல்மோகரும் தூங்குமூஞ்சியும். வடிகால் பக்கம் வேர் அறுபட்டிருந்ததை அன்று மாலையே நான் கையால் தொட்டுப் பார்த்தேன். பூவரசு நின்றது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் காங்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-லேயே உத்தரவு போட்டது. டெல்லி மரத்துக்கு வேண்டிய ஒரு மீட்டர் எங்கள் மரத்துக்கு வேண்டாமா?

மக்களின் பழக்கம் என்ற சொல்தான் இன்னும் வலிக்கிறது. வியாசர்பாடியில் மாணவர்களோடு தெருத்தெருவாக மரக் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். குடியிருப்பு வாரிய வீடுகளில், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்த குடத்திலிருந்து ஒரு சொம்பு முருங்கைக்கும் வேம்புக்கும் ஊற்றுகிற பெண்களைப் பார்த்தவள் நான். மரம் வைக்கலாமே என்று என் மாணவன் ஒருவன் கேட்டதற்கு, "எங்க வைக்கச் சொல்ற தம்பி, தலை மேலயா? எடம் குடு, வெக்கிறேன்" என்றார் ஒரு அம்மா. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆறுக்கு எட்டு அடிச் சந்தில், கன்டெய்னர் லாரிப் புகையில் வாழ்கிறவர்களிடம் பழக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது, ஐயா?

இந்தப் பேச்சு எனக்குப் புதிதும் இல்லை. வேலைக்கான நேர்காணல் ஒன்றில், நகரத்து மரங்களை ஆராய விரும்புகிறேன் என்றதும் பெரியவர் ஒருவர், "காட்டைப் படித்தவர் காட்டுக்குப் போக வேண்டும், தெருவில் ஏது காடு?" என்று கேட்டு என் தாளை மூடி வைத்தார். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் எரிக் ஜார்கென்சன் 1965-லேயே நகர வனவியல் என்று பெயர் வைத்துப் பாடம் தொடங்கியிருந்தார். நம் வனப் படிப்போ பிறந்த நாளிலிருந்து வெட்டிப் பயன்படுத்தும் தடிமரத்தைச் சுற்றியே வளர்ந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. மதராஸ் மாகாணத்துக்கு வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டதும் அதே 1856-ல்தான். தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், எஞ்சினுக்கு விறகு வேண்டும். எங்கள் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடக் காட்டு மரம் தண்டவாளக் கட்டையானது. அந்த ராயபுரத்துத் தெருவுக்கு ஒரு நிழல் மரம் என்று வரும்போது மட்டும் அது வனவியல் இல்லையாம்.

1988-ன் தேசிய வனக் கொள்கையை எடுத்துப் பாருங்கள். நகரங்களிலும் தொழிற்சாலைப் பகுதிகளிலும் பசுமை வளையம் வளர்க்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. மணலியை விடத் தொழிற்சாலைப் பகுதி சென்னையில் எது? அந்த வாசகத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் வனப்பரப்பு என்றால் குறைந்தது ஒரு ஹெக்டேர் வேண்டும், அதில் பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழல் வேண்டும். எங்கள் சந்துகளில் ஒரு ஹெக்டேருக்கு எங்கே போவது? தெருவோரப் பூவரசு அந்த வரைபடத்தில் வராது, பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்குகிற சதவீதத்திலும் வராது. மலைப்பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955-லேயே சட்டம் வந்தது. நகர மரங்களுக்கு மகாராஷ்டிரம் 1975-லும் கர்நாடகம் அடுத்த ஆண்டும் சட்டம் கொண்டுவந்தன. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. எங்கள் பழக்கத்தைப் பற்றி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோது, அலையாத்தி மரங்களைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேரில் எண்ணெய் அப்பினால் மரம் உடனே சாகாது, மாதக்கணக்கில் மூச்சுத் திணறித்தான் சாகும், அதனால் தண்ணீரில் எண்ணெய் அள்ளியதோடு வேலை முடிந்ததாக எழுதிவிடாதீர்கள் என்று கேட்டிருந்தேன். அந்தக் கடிதம் இதழில் வரவில்லை. படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களின் படங்களை வெளியிட்டீர்கள், அதற்கு நன்றி. மரங்களை மறந்துவிட்டீர்கள். இப்போது அதே வடசென்னையில் மரம் வளராது என்று எழுதுகிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று வரும் ஞாயிறு இதழில், எந்தப் பக்கத்தின் எந்த மூலையிலாவது ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் அந்தக் கட்டுரையாளரை ஒரு காலை கொருக்குப்பேட்டைக்கு அனுப்புங்கள். ஆறு மணிக்கு வந்துவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வியாசர்பாடி வரை நானே கூட நடந்து காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வனவியல் பேராசிரியை,
தண்டையார்பேட்டை