மிதக்கும் காற்றாலையும் நங்கூரச் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலில் மிதக்கும் காற்றாலை என்றாலே இறக்கையின் நீளத்தைத்தான் பேசுகிறோம். அதைக் கடலடியில் கட்டி நிறுத்த ஆகும் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை.

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 120 மில்லிமீட்டர் தடிமனுள்ள நங்கூரச் சங்கிலியில் ஒரே ஒரு வளையம் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். கிரேன் இல்லாமல் அசையாது. அப்படிப்பட்ட சங்கிலியை நூற்றுக்கணக்கான மீட்டர் இறக்கப் பெரிய கப்பல் வேண்டும். அலை எழும்பினால் வேலை நின்றுவிடும். கப்பல் வாடகை நிற்காது.

நார்வேயின் ஹைவிண்ட் தம்பென் என்ற மிதக்கும் காற்றாலைப் பண்ணை ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. அங்கே 11 காற்றாலைகள், ஒவ்வொன்றையும் கடலடி நங்கூரங்களோடு கட்ட 3 பிணைப்புகள். தனித்தனியாகப் போட்டால் 33 நங்கூரம் வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் காற்றாலைகள் பகிர்ந்துகொண்டதால் 19 போதுமாகிவிட்டது. 14 நங்கூரம் இறக்கும் வேலையே மிச்சம்! சங்கிலியின் ஒரு பகுதிக்குப் பதிலாக பாலியெஸ்டர் கயிறு போட்டால் எடையும் குறையும், சிறிய கப்பலை வைத்தே சமாளிக்கலாம். அப்புறம், பிணைப்புகளை நல்ல வானிலையில் முன்கூட்டியே போட்டுவைத்து, காற்றாலை வந்ததும் சட்டென மாட்டும் இணைப்பான்களும் தேவை.

சிங்கப்பூரில் காற்று குறைவு, சரி. ஆனால் எண்ணெய் துரப்பண மேடைகளைக் கட்டிப் பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு. நம் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு இந்த வேலையை இப்போதே கற்றுக்கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற எங்களைக் கூப்பிட்டால் நாங்களும் வருவோம்.

ஒரு வாசகர்,
ஜூரோங் வெஸ்ட்