ஐந்தாம் நாள் ரத்தம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்கு வந்த ஒரே நல்ல சேதி அதுதான். வாழ்த்தை அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஏழு வாரம். இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டுக்குக் கீழே காலையில் நான்கு புளோக் நடக்கிறார், காப்பிக்கடையில் உட்கார்ந்து பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ டீ குடிக்கிறார், முகம் தெளிந்திருக்கிறது. கல்லீரலின் வலதுபக்கம் பின்னால் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு புற்றுநோய்க் கட்டி. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள்.

‘ரத்தத்தில் ஏஎஃப்பி எவ்வளவு இருந்தது’ என்று நீயும் கேட்டிருக்கிறாய். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆறு மச்சான், வெறும் ஆறு. உனக்கும் எனக்கும் இருக்கிற அளவு. 1960களிலேயே ரஷ்ய விஞ்ஞானிகள் கல்லீரல் புற்றுநோயோடு சேர்த்துக் கண்டுபிடித்த புரதம் அது, இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறோம், ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்கு அது ஏறுவதே இல்லை. ஏறியிருந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நல்ல துப்பு கொடுக்கும், கட்டி முழுசாக வந்துவிட்டால் வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துகொண்டே வரும், குறையாமல் நின்றால் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். 400க்கு மேல் இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல். அண்ணன் விஷயத்தில் அது எதையும் சொல்லவில்லை. கட்டியைக் காட்டியது ஸ்கேன்தான்.

இருபது வருஷமாக லேபில் வேலை பார்க்கிறேன், ஊதா மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி என்று நாள் முழுக்கக் குழாய்கள், ஒட்டியிருக்கிற பெயரைச் சரிபார்த்து மெஷினில் வைப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அண்ணனுக்கு ஆபரேஷன் வேறு ஆஸ்பத்திரியில் என்பதால் ரிப்போர்ட்டை அவர் போனில் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து எல்லாரையும்போலத்தான் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, சர்ஜன் ஏஎஃப்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற எண்களில்தான் நின்றார். ஈரல் செய்கிற புரதமான ஆல்புமின் 36, உங்கள் ஊர்க் கணக்கில் 3.6. மஞ்சள் காமாலையில் ஏறுகிற பிலிருபின் 17, உங்களுக்கு 1. தட்டணுக்கள் 1,32,000. எதுவும் பயமுறுத்துகிற எண் இல்லை. ஆனால் தட்டணு குறைந்திருந்தால் கல்லீரல் இறுகி, மண்ணீரல் வீங்கி அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆல்புமினையும் பிலிருபினையும் மட்டும் வைத்து ஈரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க 2015இல் ஒரு கணக்கு வந்தது, ஆல்பி என்பார்கள், அதில் அண்ணன் இரண்டாம் நிலை. அப்புறம் ஈரல் வெளியேற்றுகிற பச்சைச் சாயம் ஒன்றை ஊசியில் ஏற்றி, பதினைந்து நிமிடம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்கள். 12 சதவீதம். பத்துக்குக் கீழே இருந்திருந்தால் வலதுபாதியை அப்படியே எடுப்பதைப் பற்றி யோசித்திருப்பாராம். ‘கட்டியை எடுப்பது பெரிசில்லை, மிச்சம் வைக்கிற ஈரல் இவரைத் தாங்கணும்’ என்றார் அந்த டாக்டர். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அந்த வார்த்தையில்தான்.

நீ அனுப்பிய கட்டுரையையும் படித்தேன், நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்களில் முதலாவதை இரண்டாவதால் வகுக்கிற விகிதம். சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடும், தனிச் செலவு கிடையாது. அது கூடினால் ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புவதும் கூடுகிறது என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து என்பதற்கு ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள், அதோடு ஒரு பல்வலி, ஒரு சளிக்காய்ச்சல் போதும், அந்த விகிதம் ஏறிவிடும். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்க அது உதவும். ஒரு மனுஷனைப் படுக்கவைத்துக்கொண்டு அதைப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

ஆபரேஷனைவிட எனக்குப் பயம் ஐந்தாம் நாள்தான். மிச்சம் வைத்த ஈரல் தாங்குகிறதா என்று பார்க்க 2005இல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு அளவு சொன்னார்கள்: ஐந்தாம் நாள் பிலிருபின் 50ஐத் தாண்டியும், ரத்தம் உறைகிற திறன் பாதிக்குக் கீழேயும் இருந்தால், இரண்டும் சேர்ந்திருந்தால், அப்படிப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அண்ணனுக்கு பிலிருபின் முதல் நாள் 38, மூன்றாம் நாள் 46. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலை நான் பக்கத்தில் இருக்கும்போதே தாதி ரத்தம் எடுக்க வந்தார். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிறைய வேண்டும், குறைந்தால் உறையும் நேரம் தப்பாகக் காட்டும். அண்ணன் கையில் நரம்பு கிடைக்காமல் மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது, என் கண் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை. கோட்டைத் தொட்டதும் அவர் குழாயை மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினார். அவர் போன பிறகு அண்ணனை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, கீழ் இமையை இழுத்துக் கண் வெள்ளையைப் பார்த்தேன். ‘என்னடா, மாடு வாங்க வந்தவன் மாதிரி பார்க்கிறே’ என்றார். மத்தியானம் எண் வந்தது, பிலிருபின் 29, ரத்தம் உறைவதைக் காட்டுகிற ஐஎன்ஆர் 1.2, இரண்டும் பயப்படத் தேவையில்லாத எண். அண்ணி பேசாமல் கிளம்பி சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்.

இத்தோடு முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். வெட்டி எடுத்தவர்களில் ஐந்து வருஷத்துக்குள் 70 சதவீதம் பேர் வரைக்கும் நோய் திரும்புகிறது, மிச்சமிருப்பது அதே பழுதான ஈரல்தானே. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். தினமும் என்டெகாவிர் மாத்திரை.

மாத்திரை எதற்கு என்றால், ஹெப்பட்டைட்டிஸ் பி. அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். இங்கே அந்தக் கிருமி உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்கு 1985இல்தான் தடுப்பூசி ஆரம்பித்தார்கள், 1987இல் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் வந்தது, நம் வயசுக்காரர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை. அண்ணனுக்கு இருபது வருஷம் முன்பே தெரியும். ‘சும்மா கேரியர்தான்’, கிருமி மட்டும்தான் இருக்கிறது, நோய் இல்லை என்று விட்டுவிட்டார்.

இதே வார்த்தையை உன் கடிதத்தில் படித்தபோது எனக்குத் திக்கென்றது மச்சான். ரத்ததானம் கொடுக்கப் போனபோது உனக்கும் பி இருப்பது தெரிந்தது என்றும், நாலு வருஷம் முன்னால் பார்த்த ஏஎஃப்பி நார்மல் என்றும் எழுதியிருக்கிறாய். ஆறு என்ற எண்ணை வைத்துக்கொண்டு அண்ணனும் நார்மல்தான். பி உள்ளவர்களுக்கு ஈரல் இறுகாமலேகூடக் கட்டி வரலாம். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தோடு சேர்த்து அல்ட்ராசவுண்டும் வேண்டும். வைரஸ் அளவையும் பார்க்கச் சொல், மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்வார். உன் மனைவிக்கும் மகளுக்கும்கூட ஒரு ரத்தப் பரிசோதனை, கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம்.

டிசம்பர் கடைசியில் திருச்சி வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பு, எண்ணெல்லாம் தெளிவாகத் தெரியணும். அண்ணன் உன்னை ரொம்பவும் விசாரித்தார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் நானும் அங்கேதான் இருப்பேன்.

அன்புடன்,
உன் ஈசூன் நண்பன்