டாப்-அப் ஆயிலைப் பற்றித் தெளிவாக எழுதுங்கள்: ஆயில், கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

என்ஜின் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், கார்களின் உரிமையாளர் கையேட்டை எழுதும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சிந்தெடிக் ஆயில் (வேதிமுறையில் உருவாக்கியது அல்லது மிகக் கடுமையாகச் சுத்திகரித்தது) ஊற்றிய என்ஜினில் ஆயில் குறையும்போது, டாப்-அப்பாக மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்தது) சேர்க்கலாமா என்ற கேள்விக்கு உங்கள் டப்பாக்களிலும் கையேடுகளிலும் பெரும்பாலும் நேரான பதில் கிடைப்பதில்லை. பரிந்துரைத்த ஆயிலை மட்டுமே பயன்படுத்தவும் என்ற வரியோடு பல கையேடுகள் நின்றுவிடுகின்றன. அந்த வரியில் பிழை இல்லை. ஆனால் நெடும்பயணத்தின் நடுவில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருப்பதையும், கைக்கெட்டும் ஒரே ஆயில் வேறு வகை என்பதையும் அறிந்து தயங்கி நிற்பவருக்கு அது எந்த வழியும் காட்டுவதில்லை. இரண்டையும் கலந்தால் பால் திரிவதுபோல் திரிந்து என்ஜினையே அடைத்துவிடும் என்று எப்போதோ கேட்டது அவர் நினைவுக்கு வருகிறது. அந்த அச்சத்தில் ஆயிலை ஊற்றாமலேயே வண்டியை ஓட்டிச் செல்கிறார். என்ஜினுக்கு உண்மையான கேடு அங்கேதான் தொடங்குகிறது என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

திரியும் என்பது உண்மையல்ல என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ.-யின் உரிமத்தோடு இன்று விற்கப்படும் கார் ஆயில்கள் பிற ஆயில்களோடு பிரியாமல் கலக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதற்கென, சோதனை முறைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் டி6922 என்ற சோதனையும் உண்டு. புதிய ஆயிலைக் குறிப்பு ஆயில்களோடு கலந்து, குளிரவும் சூடேறவும் வைத்து, படிவோ பிரிவோ தோன்றுகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். இந்தச் சோதனையில் தேறிய ஆயிலை விற்கும் நீங்கள், அதன் பொருள் என்ன என்பதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பந்தய ஆயில்களும், பாலிகிளைக்கால் வகை ஆயில்களும் மினரல் ஆயிலோடு சரியாகக் கலப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அன்றாடம் ஓடும் கார்களில் அவற்றை யாரும் ஊற்றுவதில்லை.

சிந்தெடிக், மினரல் என்ற பிரிவும் மக்கள் எண்ணுவதுபோல் எண்ணெயும் தண்ணீரும் அல்ல. ஆயிலின் பெரும்பகுதியான அடிப்படை எண்ணெய்களை ஏ.பி.ஐ. ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. நான்காவது, வேதிமுறையில் உருவாக்கும் பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எஸ்டர் உள்ளிட்ட மற்றவை ஐந்தாவது. அமெரிக்காவில் 1999-இல் விளம்பரத் தகராறு ஒன்றில் வந்த முடிவுக்குப் பிறகு, ஹைட்ரஜனைக் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்த மூன்றாம் தொகுதி எண்ணெயும் அங்கே சிந்தெடிக் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. அப்படியிருக்க, கச்சா எண்ணெயில் பிறந்த இரண்டு ஆயில்கள் ஒன்றையொன்று பகைத்துக்கொள்ளும் என்று வாங்குபவர் நம்பிக்கொண்டிருப்பதற்கு உங்கள் மௌனமும் ஒரு காரணம். செமி சிந்தெடிக் என்று நீங்கள் விற்பதும் இந்த இரண்டின் கலவைதானே!

கலவையை நான் பரிந்துரைக்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். உங்கள் ஆலையில் அளவு பார்த்து, சேர்மானப் பொருள்களைச் சரிக்கட்டி, என்ஜின் சோதனையில் ஓட்டிப் பார்த்து உருவாக்கும் செமி சிந்தெடிக் வேறு. சாலையோரத்தில், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் உருவாகும் கலவை வேறு. இரண்டும் பிரியாமல் கலக்கும் என்பதற்காக, கலந்தது இரண்டில் சிறந்ததைப் போல வேலை செய்யும் என்று ஆகிவிடாது. கடுங்குளிரில் சட்டென்று ஓடும் தன்மை, டர்போவின் வெப்பத்தில் கசடாகாமல் தாங்கும் திறன், அடுத்த ஆயில் மாற்றம் வரை தாக்குப்பிடிக்கும் ஆயுள் ஆகியவை, சேர்ந்த மினரல் ஆயிலின் அளவுக்கு ஏற்பக் குறையும். ஆகவே கலந்த பிறகு சிந்தெடிக் ஆயிலுக்குரிய நீண்ட இடைவெளியை நம்பியிருக்காமல், முன்கூட்டியே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். இது உங்கள் கையேட்டில் இருக்க வேண்டிய செய்தி.

அதைவிட முக்கியமானது, மக்கள் கேட்காமல் விடும் கேள்வி: கிரேடும் (பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்) தரக்குறியீடும் (ஆயில் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று காட்டும் குறி) பொருந்துகின்றனவா? சிந்தெடிக்கா மினரலா என்பதில் இருக்கும் பதற்றத்தில் ஒரு பாதியாவது இதில் இருந்தால் பல என்ஜின்கள் பிழைக்கும். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி3 வகை ஆயிலில் சல்பேட் சாம்பல் (ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்) 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4 வகையிலோ அது ஏறத்தாழ இருமடங்கை நெருங்கலாம். டீசல் காரின் புகைத்துகள் ஃபில்டருக்குள் எரியாமல் தங்குவது இந்தச் சாம்பல்தான். ஆகவே அத்தகைய காரில் சாம்பல் மிகுந்த உயர்விலை சிந்தெடிக் ஆயிலை அடிக்கடி ஊற்றுவது, சாம்பல் குறைந்த சாதாரண ஆயிலை ஒருமுறை ஊற்றுவதைவிடக் கேடானது. அதேபோல், நேரடி எரிபொருள் பீய்ச்சலும் டர்போவும் கொண்ட சிறிய பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சிக்கலை, ஆயிலில் மிகுந்திருக்கும் கால்சியம் தூண்டக்கூடும். இதைத் தடுக்கவே 2018-இல் ஏ.பி.ஐ.-யின் எஸ்என் பிளஸ் தரமும் 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. அத்தகைய என்ஜினில் பழைய தரத்து ஆயிலைச் சேர்க்கும்போது, அது சிந்தெடிக்காகவே இருந்தாலும், அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போகிறது. கிரேடின் கதையும் இதுவே. அதில் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கும். 5டபிள்யூ-30 ஆயிலில் 10டபிள்யூ-40 ஊற்றினால் பாகுத்தன்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். 5டபிள்யூ என்ற குளிர்கால உறுதி கலவைக்கு உண்டென்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஆயிலே குறைந்து போவதோடு ஒப்பிட்டால் கலவையின் குறைகள் சிறியவை. சில கார்களின் கையேடுகளே 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை ஆயில் செலவாவதை இயல்பு என்கின்றன. பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 1 லிட்டர்தான். இந்நிலையில் ஆயில் மாற்றும் இடைவெளியை 10,000, 15,000 கிலோமீட்டர் என்று நீட்டுகிற நீங்கள், இடையில் டாப்-அப் செய்யும் தேவை எழும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தை. வளைவிலோ மேட்டிலோ பம்ப் காற்றை இழுத்து அழுத்தம் விழும்போது, என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளைத் தாங்கும் ஆயில் படலம் அறுபடத் தொடங்கியிருக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது அதிகமில்லை. கையேட்டில் டாப்-அப் என்ற தனித் தலைப்பில், பரிந்துரைத்த ஆயில் கிடைக்காதபோது எந்தெந்த கிரேடுகளையும் தரக்குறியீடுகளையும் ஏற்கலாம், அதிகபட்சம் எவ்வளவு ஊற்றலாம், அதன் பிறகு எத்தனை கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்ற வேண்டும் என்பதை எண்களோடு எழுதுங்கள். சில நிறுவனங்கள் அரை லிட்டர் வரை என்று வரையறுத்து இதை ஏற்கெனவே செய்திருக்கின்றன. மற்றவர்களுக்கு என்ன தடை? மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஆயில் நிறுவனங்களோ, டப்பாவின் முகப்பில் சிந்தெடிக் என்ற சொல்லை அச்சிடும் அதே அளவு எழுத்தில் தரக்குறியீட்டையும் அச்சிட்டு, பின்பக்கத்தில் இந்த ஆயில் பிற என்ஜின் ஆயில்களோடு கலக்கும், ஆனால் கலந்தால் ஆயில் மாற்றும் இடைவெளி குறையும் என்ற இரண்டு செய்திகளையும், மூடிக்கு அருகில், ஊற்றுபவர் கண்ணில் படும் இடத்தில் தர வேண்டும்.

நன்றியுடன்,
தன் காரின் ஆயில் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஓர் உரிமையாளர்