குனிஃபே காந்தம் என்று சொல்லி விற்ற கிட்டார் பிக்கப் குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: "அசல் 1970கள்" என்று விற்ற வைட் ரேஞ்ச் பிக்கப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடையில் தமிழில் பேசித்தான் இந்தப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும், காந்தமும் சுருளும் கொண்ட கிட்டார் உறுப்பு) வாங்கினேன், அதனால் புகாரும் தமிழிலேயே. விலை 11,500 ரேண்ட். ரசீதில் உங்கள் ஆள் பேனாவால் எழுதிக் கொடுத்தது இது: "ஃபெண்டர் வைட் ரேஞ்ச், அசல், 1970கள், குனிஃபே காந்தம்." கடைசியில் இருக்கும் அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்தேன். செம்பும் நிக்கலும் இரும்பும் கலந்த அந்தக் குனிஃபே, வந்த பிக்கப்பில் இல்லை.

என் கிட்டார் அண்ணன் கொடுத்த ஃபெண்டர் டெலிகாஸ்டர் டீலக்ஸ். அதில் இரண்டு வைட் ரேஞ்ச் பிக்கப்புகள். பிரிட்ஜ் பக்கம் இருந்தது சுருள் அறுந்து செத்துவிட்டது. கழுத்துப் பக்கம் இருப்பது நல்ல நிலையில் வேலை செய்கிறது. கல்யாண வரவேற்புகளில் பழைய சினிமாப் பாட்டு வாசிக்கும் எங்கள் குழுவில் கீபோர்டும் தபேலாவும் டிரம்ஸும் ஒன்றாக முழங்கும்போது கிட்டாரின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்பது இந்த வகை பிக்கப்பால்தான். அதற்கு ஜோடிதான் தேடினேன். சும்மா சத்தம் வந்தால் போதும் என்றால் இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்திருக்கும்.

உங்கள் கவுன்டரில் இருக்கும் தம்பிக்கு வைட் ரேஞ்சுக்கும் மற்ற ஹம்பக்கருக்கும் (இரைச்சலைத் தணிக்க இரண்டு சுருள் வைத்த பிக்கப்) உள்ள வித்தியாசம் தெரியவில்லை என்பது போனில் பேசியபோது புரிந்தது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1950களில் கிப்சன் கிட்டார் நிறுவனத்துக்காக ஹம்பக்கரை வடிவமைத்தவர் சேத் லவர். அவர் 1967இல் ஃபெண்டருக்குப் போனார். அங்கே அவர் செய்ததுதான் வைட் ரேஞ்ச். வழக்கமான ஹம்பக்கரில் கம்பிக்குக் கீழே தெரியும் ஸ்க்ரூ வெறும் இரும்பு. காந்தம் அடியில் ஒரு பட்டையாகப் படுத்திருக்கும். அசல் வைட் ரேஞ்சில் அப்படி இல்லை, ஸ்க்ரூவே காந்தம். பிக்கப்புகளில் வழக்கமாக வரும் அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலவை) காந்தம் கடினம், ஆனால் நொறுங்கும். அதில் மரை வெட்ட முடியாது. செம்பு 60, நிக்கல் 20, இரும்பு 20 என்ற கணக்கில் சேர்ந்த குனிஃபே வளைந்து கொடுக்கும், அதில் மரை வெட்டலாம். லவர் அதை எடுத்துக்கொண்டது அதனால்தான். மூடியில் மூன்று ஸ்க்ரூ இந்தப் பக்கமும் மூன்று அந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பதும் இந்த அமைப்போடு வந்த தோற்றம்தான்.

பின்னாளில் அதே தோற்றத்தில் மறுவெளியீடுகள் வந்தன. பெரிய மூடிக்குள் சாதாரண அளவு ஹம்பக்கர், மிச்ச இடத்தில் மெழுகு. வெளியில் ஆறு ஸ்க்ரூவும் அதே இடத்தில் தெரியும், ஃபெண்டர் என்ற பெயரும் இருக்கும். மறுவெளியீடு என்று சொல்லி விற்றால் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆகவே "மூடியில் ஃபெண்டர் என்று பொறித்திருக்கிறதே" என்று உங்கள் தம்பி சொன்னது எதையும் நிரூபிக்கவில்லை. மூடி மூடிதான்.

நான் செய்த சோதனை இது. உங்கள் பிக்கப்பின் ஒரு ஸ்க்ரூவை மேல்வழியாக முழுதாகக் கழற்றி, மேசையில் கொட்டியிருந்த குண்டூசிகள் மேல் வைத்துத் தூக்கினேன். ஒன்றுகூட நிற்கவில்லை. லேசாக இழுத்தது, அவ்வளவுதான். காந்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்த இரும்பு அந்த அளவுக்கு இழுக்கத்தான் செய்யும். அதே மேசையில் என் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்தேன். குண்டூசிகள் ஒன்றின் வாலில் ஒன்று தொங்கிக்கொண்டு மேலே வந்தன. அப்புறம் இரண்டு பிக்கப்பையும் கவிழ்த்து அடித்தகட்டின் மேல் ஒரு குண்டூசியை நூலில் கட்டி நகர்த்திப் பார்த்தேன். என்னுடையதில் ஸ்க்ரூ இருக்கும் இடங்களில் மட்டும் சுண்டி இழுக்கிறது. உங்களுடையதில் நடுவில் ஒரு நீளப் பட்டையாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒட்டுகிறது. அடியில் பட்டைக் காந்தம் படுத்திருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், தயவுசெய்து யாராவது பாருங்கள்.

மூடியின் பற்றவைப்பை நான் தொடவில்லை. தொட்டால் "நீங்களே பிரித்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்வீர்கள் என்று தெரியும். உங்கள் டெக்னீஷியனே பிரிக்கட்டும், நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

இதற்கு உங்களிடமிருந்து வந்த பதில்கள்தான் எனக்குக் கோபத்தை உண்டாக்கின. முதல் பதில்: "ஐம்பது வருஷப் பழசு, காந்தம் வலுவிழந்திருக்கும்." வலுவிழந்தால் பிக்கப்பின் சத்தமும் அல்லவா குறைய வேண்டும்? இது ஆம்பில் என் கழுத்துப் பக்கத்தை விடச் சத்தமாகவே பாடுகிறது. ஸ்க்ரூவில் காந்தம் இல்லை, ஆனால் சத்தம் வருகிறது என்றால் காந்தம் வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது, மல்ட்டிமீட்டரில் 10.6 கிலோ ஓம் காட்டும் ஒரு புகைப்படம், "அசல் மதிப்பு" என்ற குறிப்போடு. அசலும் ஏறக்குறைய 10 கிலோ ஓம் காட்டும் என்பது உண்மை. ஆனால் ஓம் கணக்கு சுருளில் உள்ள ஒயரின் நீளத்தையும் பருமனையும்தான் சொல்லும். காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. சாதாரண ஹம்பக்கரிலும் கூடுதல் சுற்று சுற்றினால் அதே எண் வரும். போதாக்குறைக்கு, செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். டர்பனின் 30 டிகிரி ஜனவரி மதியத்தில் 10.6 காட்டுவது, ஜோஹன்னஸ்பர்க்கின் 10 டிகிரி ஜூலைக் காலையில் 9.8 பக்கம் காட்டும். பழைய பிக்கப் விற்கும் கடை, வெப்பநிலைகூடக் குறிக்காத ஒரு மீட்டர் படத்தை அத்தாட்சி என்று அனுப்பலாமா?

சத்தத்தைப் பற்றி நான் அதிகம் வாதாட மாட்டேன். காதுக்குக் காது வேறுபடும். என் கிட்டாரில் 1 மெகா ஓம் பாட்கள்தான் (சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் மின்தடைகள்) இருக்கின்றன, ஆகவே 250 கிலோ ஓம் பாட் போட்டதால் மந்தமாகக் கேட்கிறது என்ற சாக்குக்கும் இடமில்லை. கீழ்க் கம்பிகள் மூன்றையும் சேர்த்து மீட்டினால் ஒன்றோடொன்று குழைந்து போகின்றன. அதை மட்டும் சொல்லி விடுகிறேன்.

மூன்றாவது பதில், "பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, ரசீதின் பின்னால் அச்சிட்டிருக்கிறோம்." சரி, சட்டத்தைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விவரணையை நம்பி வாங்கிய பொருள் அந்த விவரணைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 18ஆம் பிரிவில் சொல்கிறது. தவறான எண்ணம் உண்டாக்கி விற்பதை 41ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தரும் உரிமையை ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்துப் பறிக்க முடியாது, அது 51ஆம் பிரிவு. நான் கீறல் விழுந்தது, பழுப்பேறியது என்று குறை சொல்லவில்லை. பழைய பொருளில் அதெல்லாம் இருக்கும். சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்கிறேன்.

பாதிப் பணமும் கடைக் கிரெடிட்டும் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். 11,500 ரேண்டும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், பிக்கப்பை எடுத்துச் செல்லும் செலவும் உங்களுடையது. இதே விவரணையோடு உங்கள் கண்ணாடி அலமாரியில் இன்னொரு பிக்கப் இருக்கிறது. அதையும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டு அட்டையை மாற்றி எழுதுங்கள். அடுத்து வாங்குபவர் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க அசல் ஒன்று இருக்காது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட் என்ற நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகத்தில் இதே கடிதத்தை வீடியோவோடு சேர்த்துக் கொடுப்பேன். கூரியர் ஆளை அனுப்பினால் வார நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள், பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் இரு பக்க நகல், சோதனை வீடியோ, நீங்கள் அனுப்பிய மல்ட்டிமீட்டர் புகைப்படம்